சிசுவின் அட்ரினலில் இரத்தக்கசிவு

சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, பிறந்த குழந்தைக்கு உடல் அளவை நோக்க மிகப் பெரியது. இரத்த நாளங்களும் அதில் ஏராளம். பிரசவம் இழுபட்டாலோ, குழந்தை பெருத்திருந்தாலோ, மூச்சுத் திணறிப் பிறந்தாலோ, கிருமித்தொற்று கண்டாலோ அதற்குள் இரத்தம் கசியலாம். பெரும்பாலும் வலது பக்கமே. அந்தப் பக்கத்துச் சிரை குட்டை. நேரே பெருஞ்சிரையில் சேர்வதால் அங்கே ஏறும் அழுத்தம் சுரப்பியை உடனே தாக்கும்.

பல குழந்தைகளிடம் வெளியே ஒன்றும் தெரியாது. சிலருக்குத் தணியாத மஞ்சள் காமாலை, வெளிறல், வயிற்றில் கட்டி. ஆண் குழந்தைக்கு விதைப்பை நீலம் பாரிக்கலாம். இது ஆளை ஏமாற்றும் அடையாளம்: விதை முறுக்கிக்கொண்டதென்று எண்ணிக் கத்தி எடுத்துவிடுவார்கள். வயிற்றையும் சேர்த்து ஸ்கேன் பார்த்தால் அந்த வீண் அறுவை தப்பும்.

இலங்கை மலையகத்தின் நல்லதண்ணித் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறையின் மங்கலில் இந்த மஞ்சள் பிடிபடாது. குழந்தையை வாசல் வெளிச்சத்தில் பார்ப்பதே சரி. மேல்சிகிச்சைக்கு மஸ்கெலியா வழியாக டிக்கோயா ஆதார வைத்தியசாலைப் பக்கம் இறங்க வேண்டும்.

ஸ்கேனில் புதுக்கசிவு திண்மமாகத் தெரியும்; வாரங்கள் போக நீர்க்கட்டிபோலாகிச் சுருங்கும், சில வேளை சுண்ணாம்பு படியும். சுருங்காவிட்டாலோ, டொப்ளர் ஸ்கேனில் உள்ளே இரத்த ஓட்டம் தெரிந்தாலோ நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டியைச் சந்தேகித்துச் சிறுநீரைப் பரிசோதிப்பார்கள்.

மஞ்சளுக்கு ஒளிச்சிகிச்சை, இரத்தம் மிகக் குறைந்தால் ஏற்றுதல்; பெரும்பாலும் அவ்வளவே. இருபுறமும் கசிந்திருந்தால் இரத்த அழுத்தம், சீனி, சோடியம் மூன்றையும் கவனித்து, சுரப்பு போதாதபோது ஹைட்ரோகோர்ட்டிசோன் கொடுக்கப்படும். கசிவு மறையும்வரை ஸ்கேன் தொடரும்.