ஏறிச் செல்லாத தேர்



குறுந்தொகையின் 61ஆம் பாட்டு ஆறே அடிகள் கொண்டது. பாடியவர் தும்பிசேர்கீரனார். தலைவன் அனுப்பிய வாயில்களை நோக்கித் தோழி பேசுகின்றாள். அவள் எடுத்தாளும் உவமை ஒரு விளையாட்டுச் சாமான். தச்சர் குதிரை வைத்து இழைத்துக் கொடுத்த சின்னஞ்சிறு தேர் அது. பிள்ளைகள் அதில் ஏறிப் போக முடியாது; ஆனால் கையால் இழுத்துத் திரிவதில் அவர்களுக்குக் கொள்ளை மகிழ்ச்சி. அதுபோல, தலைவனோடு கூடி வாழும் இன்பம் எங்களுக்கு வாய்க்காவிட்டாலும் அவனுடைய நட்பைப் பேணி மகிழ்ந்திருக்கின்றோம், வளை கையிலே இறுகித்தான் இருக்கின்றது என்று முடிக்கின்றாள்.

இதை ஓர் ஆறுதற் பாட்டாகவே பலரும் விளக்குவர். பெரிய தேர் இல்லாதவனுக்குச் சின்னத் தேர். கிடைக்காததற்கு ஈடாகக் கிடைத்தது. இந்த விளக்கத்தோடு எனக்கு ஒரு சிறு வழக்கு உண்டு. அதற்குச் சாட்சியாக நான் அழைப்பது சங்கப் புலவரை அல்ல, 'றொக் கிறோலர்' என்ற ஒரு விளையாட்டு வண்டியை. இலக்கிய நேரத்தில் இதற்கென்ன வேலை என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சற்றுப் பொறுத்திருங்கள்.

ரிமோட் கார் எல்லோருக்கும் தெரியும். கோயில் திருவிழாக் கடையில் வாங்கி, வீட்டு விறாந்தையில் ஓடவிட்டு, மூன்றாம் நாள் மூலையில் போடுவது. றொக் கிறோலர் அந்தச் சாதியைச் சேர்ந்ததன்று. உண்மையான ஜீப்பைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கியது போல இருக்கும். ஒன்றரை அடிக்கு மேல் நீளம், இரண்டு மூன்று கிலோ பாரம். ஓட்டப் பந்தயத்துக்கு ஆகாது. மனிதன் நடக்கும் வேகத்திலே, பல வேளைகளில் அதிலும் மெதுவாக, கல்லின்மேல் கல்லாக ஏறிப் போவதே அதன் தொழில். நான் இதைப் 'பாறையூர்தி' என்று சொல்லிக்கொள்கிறேன். ஊர்தல் என்ற வினைக்குத் தமிழில் இரண்டு பொருள். அரசன் தேர் ஊர்ந்தான் என்றால் ஏறிச் செலுத்தினான். எறும்பு ஊர்ந்தது என்றால் மெல்ல நகர்ந்தது. பாறையூர்தியில் முதற் பொருள் இல்லை, இரண்டாவதுதான் உண்டு. நாம் ஊராத வண்டி, தானே ஊர்கிறது.

இதன் பெரிய உருவம் அமெரிக்காவிலே பிறந்தது. கலிபோர்னியாவில் சியறா நெவாடா மலையிலே 'ரூபிக்கன்' என்றொரு பாதை. பாதை என்பது பெயருக்குத்தான், முழுவதும் பாறைக் குவியல். ஜீப் வைத்திருப்பவர்கள் அதிலே அங்குலம் அங்குலமாக ஏறி இறங்குவதை ஒரு விளையாட்டாக்கினார்கள். சிறிய உருவத்துக்கு வழி காட்டியதில் ஜப்பானின் 'தமியா' கம்பனிக்குப் பங்கு உண்டு. நம் ஊர்த் தெருக்களில் நன்கு பழகிய ரொயோட்டா ஹைலக்ஸைப் பார்த்து, மூன்று கியரோடு 1985இல் அவர்கள் ஒரு வண்டி விட்டார்கள், பெயர் 'புறூசர்'. பிறகு பொழுதுபோக்காளர்கள் பழைய வண்டிகளைக் கழற்றிப் பூட்டித் தாங்களாகவே பாறையேறிகளைச் செய்துகொண்டார்கள். கம்பனிகள் பின்னாலே வந்தன. 'அக்சியல்' இதிலே பேர் எடுத்தது. 2017இல் 'ட்ராக்ஸஸ்' கம்பனி லான்ட் ரோவர் டிபென்டர் உருவிலே ஒன்றை வெளியிட்டது.

தூரத்திலிருந்து அலையால் ஒன்றை நடத்துவது அதிலும் பழைய சங்கதி. 1898இலேயே நிக்கொலா தெஸ்லா நியூயோர்க்கில் ஒரு சிறு படகை வானலையால் ஓட்டிக் காட்டினார். இப்போது என் குரலை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவதும் அதே இனத்து அலைதான். கீரனாரின் பிள்ளைகள் பிடித்திருந்த இழைக்குப் பதிலாக இப்போது கண்ணுக்குத் தெரியாத ஓர் இழை, அவ்வளவே.

சரி, இதிலே என்ன சுவை? தடை. மற்ற வண்டிக்குத் தடை ஒரு தொல்லை. இதற்குத் தடைதான் உணவு. பட்டினப்பாலையிலே ஒரு காட்சி வருகிறது. முற்றத்திலே உணங்கும் தானியத்தைக் கொத்த வந்த கோழியை விரட்ட, காவிரிப்பூம்பட்டினத்துப் பெண் தன் காதுக் குழையைக் கழற்றி எறிகின்றாள். அது குதிரையில்லாமல் பிள்ளைகள் உருட்டிவரும் மூன்று சில்லுச் சிறுதேரின் முன்னே விழுந்து வழி மறிக்கிறது. அந்த நகரம் அறிந்த பகை அது ஒன்றே, கலங்க வைக்கும் வேறு பகை அதற்குத் தெரியாது என்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். செல்வத்தைக் காட்டும் இடம் என்று உரையாசிரியர்கள் குழையின் பொன்னைப் பார்ப்பார்கள். எனக்குத் தேரைப் பார்க்கத் தோன்றுகிறது. அந்தப் பிள்ளை என்ன செய்திருப்பான்? குழையைச் சுற்றிப் போனானா, மேலே ஏற்றினானா? மூன்று சில்லிலே ஏற்றுவது கடினம். அந்த இடத்திலே ஒரு கணம் நின்று யோசிக்கும் பிள்ளையின் முகம் இருக்கிறதே, அதைத்தான் பாறையூர்தி ஓட்டுபவரிடமும் காண்கிறேன்.

எங்கள் தலைமுறைக்கு இந்த அடிகளில் வேறொன்றும் உண்டு. மட்டக்களப்பிலே தொண்ணூறுகளில் சிறு பிள்ளைகளாக இருந்தவர்கள், வழியிலே கிடக்கும் பொருள் எதையும் தொடாதே, காலால் தட்டாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள். வழியிலே கிடப்பது ஒரு விளையாட்டுத் தடையாக மட்டும் இருக்கும் ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று உருத்திரங்கண்ணனார் சொல்வதை நாங்கள் மெதுவாகத்தான் படிப்போம்.

வண்டிக்குத் திரும்புவோம். அதன் பலம் எங்கே என்று புரிய, படுவான்கரை வயலுக்குப் போங்கள். உழவு இயந்திரத்தின் ஒரு பெரிய சில்லு சேற்றிலே வழுக்கிச் சும்மா சுழலும். மற்றது அசையாமல் நிற்கும். சில்லுகள் வேறு வேறு வேகத்தில் சுற்ற இடங்கொடுக்கும் 'டிபரன்சியல்' என்ற பற்சில்லுத் தொகுதியின் குணம் அது. வளைவிலே திரும்ப அது வேண்டும்; சேற்றிலே அதுவே சத்துரு. அப்போது ஓட்டுநர் காலடியிலுள்ள ஒரு மிதியை அமத்துவார். இரண்டு சில்லும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். இயந்திரம் வெளியே வரும். பாறையூர்தியிலே இந்தப் பூட்டு பெரும்பாலும் எந்நேரமும் போட்டபடியே இருக்கும். ஒரு சில்லு அந்தரத்தில் தொங்கினாலும் மற்ற மூன்றும் இழுக்கும். விலை கூடிய சிலவற்றிலே கையிலிருக்கும் கருவியாலேயே பூட்டவும் திறக்கவும் முடியும்.

வாங்க விரும்புபவர் முதலிலே பார்க்க வேண்டியது வேகமும் அல்ல, வெளிச்சப் பொட்டுகளும் அல்ல. திருப்புபிடியைச் சிறிது திருப்பினால் சில்லு சிறிதாகத் திரும்புகிறதா, நிறையத் திருப்பினால் நிறையவா என்று பாருங்கள். மலிவான பொம்மைகள் முழு இடம் அல்லது முழு வலம் என்றுதான் திரும்பும். பாறையிலே அவை ஒரு முழம் போகா. அடுத்து, உடைந்தால் ஒவ்வோர் ஆணியும் தனித்து வாங்கக் கிடைக்குமா என்று கேளுங்கள். பசை போட்டு ஒட்டிய வண்டி ஒருநாள் சாமான். கழற்றிப் பூட்டக்கூடியது பத்து வருடச் சாமான். முதலிலே உடைவது பெரும்பாலும் முன்சில்லைத் திருப்பும் 'சேர்வோ' என்ற சிறிய மோட்டார். உள்ளே உலோகப் பற்களுடையது என்றால் நிம்மதி. ஓட்டும் மோட்டார் பழைய பாணியிலான, கரித்துண்டு தேய்ந்து ஓடுவதாகவே இருக்கட்டும். அது மலிவு, தொடங்குபவருக்குப் போதுமானது. சில்லின் இறப்பர் நகத்தால் அமத்தினால் அமியும் மென்மை உடையதாக, உள்ளே காற்றுக்குப் பதில் பஞ்சு வைத்ததாக இருத்தல் வேண்டும். அது கல்லைப் பிடிப்பது ஓணான் மதிலைப் பிடிப்பது போல இருக்கும்.

பாரம் கீழே இருக்க வேண்டும். கூரையிலே ஏணி, பெட்டி, கரியர் என்று அழகு பார்த்து அடுக்கினால் முதற் சரிவிலேயே வண்டி மல்லாந்துவிடும். அனுபவமுள்ளவர்கள் அச்சிலும் சில்லிலும் பித்தளைத் துண்டுகளைச் சேர்த்து, மேலே உள்ளதைக் குறைப்பார்கள்.

பற்றரியிலே மட்டும் விளையாட்டு வேண்டாம். லித்தியம் பொலிமர் பற்றரி பாரம் குறைந்தது, பலம் கூடியது. ஊதிப் பெருத்தாலோ குத்துப்பட்டாலோ தீப்பிடிக்கும். சார்ஜ் போட்டுவிட்டு நித்திரைக்குப் போகக் கூடாது. மெத்தைமேல் வைக்கக் கூடாது. பிள்ளைகள் கையாள்வதென்றால் நிக்கல் வகைப் பற்றரி நல்லது. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் உறவினர் கொண்டுவருவதானால், தனிப் பற்றரியைக் கையோடு வைத்திருக்கும் பையிலேதான் கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

நாவற்குடாவிலே பாறை எங்கே என்று கேட்பீர்கள். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே மணல். தாந்தாமலைப் பக்கம் பாறை உண்டு. ஆனால் கோயிற் சூழலிலே வண்டி ஓட்டுவது அழகல்ல. அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. தென்னையின் புடைத்த வேர், விழுந்து கிடக்கும் குற்றி, அத்திவாரத்துக்குப் பறித்த கருங்கல் போதும். இரண்டு ஈர்க்குகளை ஊன்றி ஒரு வாசல். இப்படிப் பத்து வாசல். ஈர்க்கில் முட்டினால் குற்றப்புள்ளி, பின்னுக்கு எடுத்தால் குற்றப்புள்ளி. கடைசியிலே புள்ளி குறைந்தவர் வென்றவர். இருபத்துநான்கில் ஒரு பங்கு அளவிலும் வண்டிகள் உண்டு, ஒரு சாணுக்குள் அடங்குபவை. மழைக்காலத்திலே என் மேசையில் அபிதான சிந்தாமணி அதற்கு ஒரு நல்ல மலை. அந்நூலை வேறு வகையிலும் பயன்படுத்துகிறேன் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

ஓர் எச்சரிக்கை நம் ஊருக்கே உரியது. தண்ணீர் புகாது என்று பெட்டியிலே எழுதியிருப்பதை நம்பி வாவிக்குள் இறக்க வேண்டாம். அது நல்ல தண்ணீரை நினைத்து எழுதியது. நமது வாவி உவர். போல்பெயாரிங்குகள் துருப்பிடித்துவிடும். தவறிப் போய்விட்டால் கிணற்றுத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் விடுங்கள். கடற்கரை மணலும் பற்சில்லுக்கு நஞ்சு.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. மிருச்சகடிகம் என்ற வடமொழி நாடகத்தைப் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் 'மண்ணியல் சிறுதேர்' என்று தமிழில் தந்தார். அதிலே உரோகசேனன் என்ற சிறுவன் அயல்வீட்டுப் பிள்ளையின் பொற்றேரோடு விளையாடிவிட்டு, தன் மண்தேர் வேண்டாம் என்று அழுகிறான். வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி மண்தேரிலே நிரப்பிக் கொடுக்கிறாள். அந்த நகைகளே பிறகு அவன் தந்தைக்கு வழக்கு மன்றத்தில் ஆபத்தாக வருகின்றன. பொழுதுபோக்குக் கடைகளின் விலைப்பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கதை எனக்கு நினைவு வருகிறது. குரும்பட்டியிலும் ஈர்க்கிலும் தேர் கட்டி இழுத்தோம். பனங்காய்ச் சில்லில் வண்டி உருட்டினோம். அந்தப் பிள்ளைகள் உரோகசேனனைவிடக் கெட்டிக்காரர்கள்.

இப்போது என் வழக்கு. இந்த நாட்டிலே 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. திறந்த பிறகும் ஆசிரியர் சம்பளத்துக்கும் ஒரு ஜீப்பின் விலைக்கும் உள்ள தூரம் குறையவில்லை. ஆகவே, ஜீப் வாங்க முடியாதவன் பொம்மை ஜீப் ஓட்டுகிறான் என்று சொல்வது எளிது. ஆனால் கலிபோர்னியாவிலே முற்றத்தில் உண்மை ஜீப் நிற்க, அதன் முன்னாலே குந்தியிருந்து பத்தில் ஒரு பங்கு ஜீப்பைக் கல்லில் ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எதற்கு ஆறுதல்? ஏறி இருப்பவனுக்குத் தன் வண்டியின் சில்லு கல்லைக் கவ்வுவது தெரியாது. வெளியே நின்று பார்ப்பவனுக்கே தெரியும்.

கீரனார் இதை அறிந்திருந்தார் என்றே நான் படிக்கிறேன். ஏறிச் செல்வதற்கு ஒரு சொல், இழுப்பதற்குத் தாழ்ந்த இன்னொரு சொல் என்று அவர் வைக்கவில்லை. இரண்டுக்கும் 'இன்புறுதல்' என்ற ஒரே சொல். ஆறு அடிக்குள் அதன் வடிவங்கள் நான்கு வருகின்றன. ஏறிச் செல்லும் நல்ல தேர் அந்தப் பாட்டிலே தலைவனிடம் இருக்கிறது. அவனுடைய இன்பம் பற்றி ஒரு பேச்சும் இல்லை. வெறும் ஆறுதலாக இருந்தால் தலைவியின் கை மெலிந்திருக்கும், வளை கழன்றிருக்கும். சங்கப் பாட்டிலே உடம்பு பொய் சொல்லாது. வளை இறுகியிருக்கிறது என்றல்லவா தோழி முடிக்கிறாள்?

எங்கள் ஒழுங்கையின் முடிவிலே ஒரு வீட்டுக்கு அத்திவாரம் போட இரண்டு லோட் கருங்கல் பறித்திருந்தார்கள். என் பழைய மாணவர் ஒருவரும் அயற்பிள்ளைகள் நால்வரும் மூன்று மாதம் அதிலே வண்டி ஏற்றினார்கள். வாசல்களின் இடம் ஒவ்வொரு பின்னேரமும் மாறும். தை பிறந்ததும் மேசன்மார் வந்து கல்லையெல்லாம் மண்ணுக்குள் இறக்கிவிட்டார்கள். இப்போது பிள்ளைகள் வீதி வீதியாகச் சைக்கிளிலே திரிந்து, யார் புதிதாக வீடு கட்டப்போகிறார்கள் என்று விசாரிக்கிறார்கள்.