லிம்போ: அழகா இருக்கு, ஆனா உள்ளே கேம் இருக்கா?

இன்னைக்கு ஒரே ஒரு கேம், லிம்போ. வந்து இத்தனை வருஷம் ஆச்சு, இப்போ எதுக்கு இதுன்னு கேக்கலாம். காரணம் இருக்கு. இந்த கேம் வந்தப்போ ஒரு குறை சொன்னாங்க. அதுக்கப்புறம் எந்த அழகான இண்டி கேம் வந்தாலும் அதே குறையை காப்பி பேஸ்ட் பண்ணிட்டு இருக்காங்க: "பார்க்க செம்மயா இருக்கு, ஆனா கேமா பார்த்தா சுமார்தான்." இந்த வரி எவ்வளவு தூரம் உண்மைன்னு லிம்போவை வெச்சே பார்த்துடலாம். ஸ்பாய்லர் இருக்கு, கடைசி சீன் வரைக்கும் பேசுவேன். விளையாடாதவங்க பாஸ் பண்ணிட்டு ஒரு சாயங்காலம் முடிச்சிட்டு வாங்க, நான் எங்கேயும் ஓடிப் போக மாட்டேன்.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. 2010 ஜூலைல எக்ஸ்பாக்ஸ் 360-க்கு டவுன்லோட் கேமா வந்துச்சு. அடுத்த வருஷம் பிசி, பிளேஸ்டேஷன் 3, அப்புறம் மொபைல். பண்ணினது பிளேடெட், டென்மார்க்ல கோபன்ஹேகன்ல இருக்கிற ஸ்டூடியோ. அவங்க முதல் கேமே இதுதான். டைரக்டர் ஆர்ன்ட் யென்சன், அதுக்கு முன்னாடி ஹிட்மேன் பண்ற ஐஓ இன்டராக்டிவ்ல வேலை பார்த்தவர். 2004 வாக்குலேயே இந்த உலகத்தை வரைய ஆரம்பிச்சுட்டார். முதல்ல படம் வந்தது, கேம் அப்புறம்தான் வந்தது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப இங்கே வருவோம்.

ஒரு பையன் காட்டுல கண்ணைத் திறக்கிறான். எல்லாமே கறுப்பு, வெள்ளை, நடுவுல சாம்பல். பழைய படச்சுருள் மாதிரி மேல ஒரு புள்ளிப் புள்ளி நடுக்கம். பையனுக்கு முகம் கிடையாது, ரெண்டு வெள்ளைப் புள்ளிதான் கண்ணு. வசனம் இல்ல, டுடோரியல் இல்ல, ஸ்க்ரீன் ஓரத்துல லைஃப் மீட்டர் கூட இல்ல. நடக்கலாம், குதிக்கலாம், ஒரு பொருளைப் பிடிச்சு இழுக்கலாம். அவ்வளவுதான். தங்கச்சியோ அக்காவோ, சிஸ்டரைத் தேடிப் போறான்னு கேமோட ஒரு வரி விளம்பரத்துல இருக்கு. கேம் உள்ளே அதைக்கூட யாரும் சொல்றதில்ல.

ரிவ்யூஸ் அமோகம். மெட்டாகிரிட்டிக்ல எக்ஸ்பாக்ஸ் வெர்ஷனுக்கு 90. ஆனா அந்த ரிவ்யூக்களை உட்கார்ந்து படிச்சா ஒரு விஷயம் கண்ணுல படும். புகழ்றப்போ அட்மாஸ்ஃபியர், எக்ஸ்பிரஷனிச சினிமா, ஃபிலிம் நுவார்னு ஒரு பத்தி. அப்புறம் என்டர் தட்டி, "கேம்பிளேன்னு பார்த்தா"ன்னு இன்னொரு பத்தி. ஏதோ ஃப்ரண்ட் எண்ட் டீம் ஒருத்தர், பேக் எண்ட் டீம் வேற ஒருத்தர்ங்கிற மாதிரி. என் பிரச்சனையே அந்த என்டர்லதான் ஆரம்பிக்குது.

கேம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல புல்லுக்குள்ள ஒரு கரடிப் பொறி கிடக்கும். பல்லு பல்லா இரும்பு, கால் வெச்சா டப்புன்னு மூடிக்கும். இதே இடம் கலர்ல இருந்திருந்தா? புல் பச்சை, இரும்பு துருப்பிடிச்ச பழுப்பு. தூரத்துலயே தெரிஞ்சிருக்கும், தாண்டிப் போயிருப்போம். இங்கே புல்லும் கறுப்பு, பொறியும் கறுப்பு. உருவம் மட்டும்தான் மிச்சம். முதல் தடவை பையன் தலை போகும். ரெண்டாவது தடவையிலேர்ந்து உங்க கண்ணு புல்லுக்கு நடுவுல பல்லைத் தேட ஆரம்பிச்சிடும். இந்த நிழலை எடுத்துட்டா இந்த பஸிலே கிடையாது. அப்போ அந்தக் கறுப்பை கிராபிக்ஸ்னு ஒரு காலம்ல போட்டு மார்க் குடுக்கிறது எப்படி? அது கேமோட ரூல்ல ஒண்ணு.

மூளைப் புழு இன்னொரு நல்ல உதாரணம். மேலேர்ந்து வெளிச்சமான ஒரு புழு தலையில விழுந்து ஒட்டிக்கும். அதுக்கப்புறம் பையன் உங்க பேச்சைக் கேக்க மாட்டான், ஒரே திசையில நடந்துட்டே இருப்பான். எப்போ திரும்புவான்? வெளிச்சம் மேல பட்டா. மத்த கேம்ல ஜன்னல் வழியா சாய்வா விழுற வெளிச்சம் வால்பேப்பருக்கு ஆகும். இங்கே அது ஒரு சுவர் மாதிரி, அதுல மோதித் திரும்பணும்.

அடுத்த குறை கொஞ்சம் சீரியஸானது. ஓவரா சாகடிக்குது. இது ஏதோ தெரியாம நடந்தது இல்ல, பிளேடெட்டே இந்த ஸ்டைலுக்கு "ட்ரையல் அண்ட் டெத்"னு பேர் வெச்சாங்க. செத்துச் செத்துக் கத்துக்கோ.

நான் இதை எரர் மெசேஜ் மாதிரி பார்க்கிறேன். கோட் எழுதுறவங்களுக்குத் தெரியும், ப்ரோக்ராம் கிராஷ் ஆகுறது கோபம் வர விஷயமே இல்ல. "ஏதோ தப்பு நடந்துடுச்சு"ன்னு மொட்டையா ஒரு மெசேஜ் வரும் பாருங்க, அப்போதான் கீபோர்டைத் தூக்கி எறியணும் போல இருக்கும். எந்த ஃபைல், எந்த லைன்னு சொல்லிட்டா ரெண்டு நிமிஷ வேலை. லிம்போவுல வர்ற பெரும்பாலான சாவு நல்ல எரர் மெசேஜ். எது கொன்னது, எங்கேர்ந்து வந்தது, எந்த நேரத்துலன்னு ஒரே பார்வையில புரியும். ஒரு நொடியில பக்கத்துலயே திரும்ப எழுந்திருப்பீங்க. தண்டனைன்னு பார்த்தா பத்து அடி நடக்கணும்.

இதுல அவங்க எவ்வளவு உழைச்சாங்கங்கிறதுக்கு அந்தச் சிலந்தி சாட்சி. பெரிய சிலந்தி, கால் ஒவ்வொண்ணும் ஈட்டி மாதிரி. கரடிப் பொறியைத் தள்ளிட்டு வந்து அதோட காலுக்குக் கீழே வைக்கணும், அதுதான் விடை. முதல்ல டிசைன் பண்ணினப்போ பொறி சிலந்தி இருக்கிற அதே ஸ்க்ரீன்லயே இருந்திருக்கு. டெஸ்ட் பண்ண வந்தவங்க கவனம் மொத்தமும் பொறி மேலேயே போயிடுச்சு. சரின்னு பொறியை அதுக்கு முந்தின ஸ்க்ரீன்ல மரத்து மேல தொங்க விட்டாங்க. கடைசியில சிலந்தி ஆட்டுற ஆட்டத்துலயே அது கழண்டு கீழே விழுற மாதிரி பண்ணிட்டாங்க. கோ-ஃபவுண்டர் டினோ பட்டி சொன்ன கதை இது. பிளேயரை எதிரியா நினைச்சு பஸில் கட்டுவாங்களாம், அப்புறம் நண்பனா நினைச்சுக் குறிப்பு குடுப்பாங்களாம்.

ஆனா எல்லா இடத்துலயும் நண்பனா நடந்துக்கல. மேலேர்ந்து நசுக்குற ரெண்டு பெரிய பிரஸ் அடுத்தடுத்து வரும், ஞாபகம் இருக்கா? முதல் பிரஸ்ல எங்கே கால் வெச்சா சாவோமோ, அடுத்ததுல அங்கே கால் வெச்சாதான் பிழைப்போம். ரெண்டும் பார்க்க ஒண்ணு மாதிரி இருக்கும். முதல் தடவையே தப்பிக்க எந்தக் க்ளூவும் கிடையாது. சிரிப்பு வரும், மறுக்கல. ஆனா அது மொட்டை மெசேஜ்தான். இந்த இடத்துல விமர்சகர்கள் பக்கம் நியாயம் இருக்கு. கேமுக்கும் அது தெரியும் போல. மொத்த கேமையும் ஒரே மூச்சுல, அஞ்சு தடவைக்கு மேல சாகாம முடிச்சா ஒரு அச்சீவ்மென்ட் இருக்கு. அதோட பேர் "நோ பாயின்ட் இன் டையிங்". நக்கலைப் பாருங்க.

சாவுன்னு பேசும்போது ஒண்ணைத் தாண்டிப் போக முடியாது. சாகுறது ஒரு சின்னப் பையன். தலை துண்டாகுது, தண்ணியில மூச்சு முட்டுது, ஈட்டி குத்தி நிக்குது. இதை அழகா ஃப்ரேம் வெச்சுக் காட்டுறது சரியா? ரத்தம் கலர்ல இல்லைங்கிறதால மட்டும் ஓகே ஆயிடுமா? இந்தக் கேள்வி எனக்கு இன்னும் உறுத்தத்தான் செய்யுது. ஆப்ஷன்ஸ்ல கோர் ஃபில்டர்னு ஒண்ணு இருக்கு. போட்டா, சாகுற நேரத்துல ஸ்க்ரீன் கறுப்பாயிடும். அதைப் போட்டு விளையாடிப் பார்த்தேன். கொடூரம் குறையுது, சரி. ஆனா எப்படிச் செத்தோம்னு தெரியாம போகுது. எரர் மெசேஜை டெலிட் பண்ணின மாதிரி. அந்தக் கோரமும் ஒரு தகவல்தான்னு அப்போதான் புரிஞ்சுது. அதுக்காகக் கோரம் நியாயம் ஆயிடுச்சுன்னு நான் சொல்ல வரல. ஷாக்குக்காக ஒட்ட வெச்சதுன்னு சொல்றவங்க இதையும் கணக்குல எடுக்கணும்.

இப்போ என்னோட குறைக்கு வரேன். இதை ஏன் பலரும் ஓரமா ஒரு வரியில முடிச்சுட்டாங்கன்னு தெரியல. செகண்ட் ஹாஃப்.

முதல் பாதியில காடு, சிலந்தி, நம்மைக் கொல்லப் பார்க்கிற மத்த பசங்க. யாரோ நம்மைத் துரத்துறாங்க, ஏதோ நடந்திருக்கு இங்கேன்னு ஒரு பயம். அப்புறம் மெதுவா கட்டடங்கள் வருது. ஹோட்டல்னு எழுதின நியான் போர்டு மேல ஏறி, கரண்ட் பாயிற எழுத்தைத் தாண்டிப் போற சீன் சூப்பர். அதுக்கப்புறம் ஃபேக்டரி. காந்தம், லிஃப்ட், ரம்பம், தானாச் சுடுற துப்பாக்கி, சுத்துற ரூம், தலைகீழாகுற புவியீர்ப்பு. பஸிலா பார்த்தா இதெல்லாம் முதல் பாதியை விடக் கஷ்டம், புத்திசாலித்தனமும் ஜாஸ்தி. ஆனா அந்தக் கரடிப் பொறி டெஸ்டை இங்கே வெச்சுப் பாருங்க. காந்த பஸிலைக் கலர்ல போட்டா என்ன குறையும்? ஒண்ணும் குறையாது. புவியீர்ப்பு பஸிலை மஞ்சள் பேக்ரவுண்ட்ல வெச்சாலும் அப்படியே ஓடும். முதல்ல ரூலா இருந்த இருட்டு இங்கே வெறும் பெயிண்ட் ஆயிடுது. எதிரிகளும் போயிட்டாங்க, டைமிங் மட்டும் மிச்சம். "அழகு தனி, கேம் தனி"ங்கிற விமர்சனம் இந்தப் பாதிக்கு நூத்துக்கு நூறு பொருந்தும். படம் முதல்ல வந்ததுன்னு சொன்னேன் இல்லையா? காட்டுக்கு யோசிச்ச அளவுக்கு ஃபேக்டரிக்கு அந்தப் படத்தை யோசிக்கலன்னு எனக்குத் தோணுது. என் யூகம்தான்.

இதே டெஸ்டை 2018-ல வந்த கிரிஸ்ல போட்டுப் பாருங்க. பார்சிலோனால இருக்கிற நோமடா ஸ்டூடியோ, ஓவியர் கான்ராட் ரொசெட்டோட வாட்டர்கலர். அதுல சாகவே முடியாது, அதனால ரொம்ப ஈஸின்னு குறை சொன்னாங்க. அங்கே நிறம் ஒவ்வொண்ணா உலகத்துக்குத் திரும்புறதுதான் கதையே. துக்கத்துலேர்ந்து ஒரு பொண்ணு எழுந்து வர்ற கதைக்குச் சாவு எதுக்கு? லிம்போ கொல்லுதுன்னும் திட்டுவோம், கிரிஸ் கொல்ல மாட்டேங்குதுன்னும் திட்டுவோம். நல்லா இருக்குப்பா நியாயம்.

நீளத்தைப் பத்தி நிறைய பேர் சண்டை போட்டாங்க. மூணு நாலு மணி நேர கேமுக்கு 15 டாலரான்னு. இப்போ சேல்ல ஒரு டீ, ரெண்டு சமோசா காசுக்கே வருது, அதனால அந்தச் சண்டை தானா முடிஞ்சு போச்சு. நீளம் குறைவுங்கிறது என் குறை இல்ல. ஃபேக்டரியில இன்னும் அரை மணி நேரம் வெட்டியிருக்கலாம்.

கடைசி சீனும் பலருக்குப் பிடிக்கல. கண்ணாடியை உடைச்ச மாதிரி பறந்து போய், திரும்பக் காட்டுல விழுறான். ஒரு பொண்ணு உட்கார்ந்திருக்கா. கிட்டப் போறான். அவ திடுக்கிட்டு நிமிர்றா. கட். "இதுக்கா இத்தனை தடவை செத்தேன்"னு கோபம் வர்றது நியாயம்தான். ஆனா கிரெடிட்ஸ் முடிஞ்சு மெனுவுக்கு வந்தா, அதே இடம், ஆள் யாரும் இல்ல, தரையில ரெண்டு இடத்துல ஈ மொய்க்குது. அதைக் கவனிக்காம குவிட் அடிச்சவங்க நிறைய பேர் இருப்பாங்க.

விளையாடப் போறவங்க ஹெட்ஃபோன் போட்டுக்கோங்க. மார்ட்டின் ஸ்டீக் ஆண்டர்சனோட சவுண்ட், பாட்டுன்னு சொல்ற மாதிரி எதுவும் பெருசா இருக்காது. காத்து, இரும்பு, தூரத்துல ஏதோ முனகல். இருட்டுல கண்ணு விட்டதைக் காது பிடிக்கும். கோர் ஃபில்டரை முதல்ல ஆஃப்ல வெச்சு ஆரம்பிங்க, தாங்க முடியலன்னா போட்டுக்கோங்க, ஒண்ணும் தப்பில்ல. அடுத்த எபிசோட்ல இதே டீமோட 2016 கேம் இன்சைடு. அதுக்கு ஆண்டர்சன் நிஜமான மண்டை ஓட்டுக்குள்ள சவுண்டை ஓட விட்டு ரெக்கார்ட் பண்ணியிருக்கார், அந்தக் கதையிலேர்ந்து ஆரம்பிக்கலாம்.