படலை வரைக்கும் அம்புலன்ஸ்

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் காசு வாங்காமல் வருகிற 'சுவசெரிய' அம்புலன்ஸ், இந்திய நன்கொடையோடு 2016 ஜூலையில் இலங்கையின் மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. வடக்குக்கு வந்தது 2018 ஜூலையில். சாரதியோடு பயிற்சி பெற்ற அவசர மருத்துவ உதவியாளரும் வருவார். பல வண்டிகள் தரித்து நின்றது பொலிஸ் நிலைய வளவுகளில். நிற்க இடம் கொடுப்பதும் ஒரு பங்களிப்புத்தானே!

வடக்கிலுள்ள பளைக்கு ஏ9 வீதியால் வண்டி விரைவாக வந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். தென்னங்காணிகளுக்குள் பிரியும் மணல் ஒழுங்கைகளில் எந்த வளைவு, எந்த வேலி என்று வெளியூர்ச் சாரதிக்கு எப்படித் தெரியும்? சந்தியில் மோட்டார் சைக்கிளோடு காத்து நின்று, முன்னுக்கு ஓடி வழிகாட்டுகிற பெடியன்தான் அந்த நேரத்தில் பெரிய தொண்டர். என் கணக்கில் அவனும் அம்புலன்ஸ் ஊழியன்தான். முதலுதவியும் பழக ஆசையென்றால் செஞ்சிலுவைச் சங்கம், சென் ஜோன் அம்புலன்ஸ் போன்றவை பயிற்சி தருகின்றன. சனசமூக நிலையங்கள் கேட்டுப் பார்க்கலாம்.

அழைக்கும்போது பக்கத்துக் கோயிலையோ பள்ளிக்கூடத்தையோ அடையாளம் சொல்லுங்கள். அந்தத் தொலைபேசியில் வேறு ஆட்களோடு கதைக்க வேண்டாம். வழி கேட்டு அம்புலன்ஸ்காரர் திரும்ப எடுக்கக்கூடும். இரவென்றால் படலையில் வெளிச்சம் போடுங்கள். நாயையும் கட்டிவிடுங்கள்.