கோச் கேட்டா பையன் எப்படி 'முடியாது'ன்னு சொல்வான்?

(தகவல் தொழில்நுட்ப அணியின் இணையவழிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ரீல்ஸ் பார்க்கிற எல்லோருக்கும் தெரிஞ்ச காட்சிதான் இது. லட்சக்கணக்குல ஃபாலோயர்ஸ் வச்சிருக்கிற ஒரு விளையாட்டு வீரர். பக்கத்துல, அவரோட அகாடமியில பயிற்சி எடுக்கிற பத்து, பன்னிரண்டு வயசுப் பையன். கையில புரோட்டீன் பவுடர் டப்பா. "அண்ணன் மாதிரி ஆகணும்னா இதைக் குடிங்க"ன்னு அவன் சிரிச்சுக்கிட்டே சொல்லணும். வீரருக்குப் பணம், கம்பெனிக்கு விற்பனை. பையனுக்கு ஒரு டி-ஷர்ட் கிடைச்சா பெரிசு.

"பெத்தவங்க சம்மதிச்சாங்களே"ன்னு உடனே பதில் வரும். அடுத்த மேட்ச்ல யாரை இறக்கணும், மாவட்டத் தேர்வுக்கு யாரை அனுப்பணும்னு முடிவு பண்றவரே கேமராவோட வந்து நிக்கிறார். கடன் வாங்கி ஷூ வாங்கிக் கொடுத்த அப்பா அவர்கிட்ட மறுத்துப் பேசுவாரா? இதைச் சம்மதம்னு நான் ஏத்துக்க மாட்டேன்.

சட்டம் இல்லாம இல்லை. 2017-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்ட விதிகள்படி, 14 வயது நிரம்பாத குழந்தையை விளம்பரப் படப்பிடிப்பில் பயன்படுத்த மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். ஆனா மைதானத்துல செல்போனை நீட்டி ரீல் எடுக்கிறவர் எந்த கலெக்டர் ஆபீஸுக்குப் போறார்? பையனுக்குச் சம்பளமே இல்லைன்னா கணக்கு இன்னும் சுலபம். பூஜ்யத்துல 20 சதவீதம் எவ்வளவுன்னு இன்ஜினியரிங் படிச்சுட்டு வந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் இருக்கு. சிறுவர்களை வைத்தோ, சிறுவர்களைக் குறிவைத்தோ எடுக்கிற விளம்பரத்தில், அவர்கள் வாங்கக் கூடாத பொருளுக்கு விளையாட்டு, சினிமா பிரபலங்கள் வரக் கூடாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதில் நடித்த பிரபலத்துக்கு ஓராண்டு வரை தடையும் போடலாம்.

இன்னொண்ணு. அந்த வீடியோவுல பையனோட ஸ்கூல் யூனிஃபார்ம் தெரியுது, மைதானத்தோட பேர் தெரியுது, எத்தனை மணிக்குப் பயிற்சின்னும் தெரியுது. இதை யார் யாரெல்லாம் பார்ப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க.

இதை நாம கேட்கணும்னா நம்ம பக்கமும் சுத்தமா இருக்கணும். தேர்தல் பிரச்சாரத்துல குழந்தைகளை எந்த வடிவத்திலும் பயன்படுத்தக் கூடாதுன்னு 2024 பிப்ரவரியில தேர்தல் ஆணையம் எல்லாக் கட்சிகளுக்கும் சொல்லியிருக்கு. "குட்டித் தலைவர் பேச்சைக் கேளுங்க"ன்னு வர்ற வீடியோவுக்கு லைக் அள்ளும்தான். அள்ளட்டும், நமக்கு வேண்டாம்.

அதனால மாவட்டப் பொறுப்பாளர்கள்கிட்ட ஒரு கோரிக்கை. கட்சி மேல பாசமா இருக்கிற வீரர்னாலும் சரி, சிறுவர்களை வச்சு எடுத்த விளம்பர ரீலை நம்ம பக்கங்கள்ல பகிராதீங்க. அப்படி ஒரு வீடியோ கண்ணுல பட்டா, பையனோட முகத்தை மறுபடி பரப்பாம லிங்க்கை மட்டும் சட்டப் பிரிவுத் தோழர்களுக்கு அனுப்புங்க. புகாரை அவங்க எழுதுவாங்க.