மேற்கோள் கணக்கும் ஆராய்ச்சியின் மதிப்பும்

ஒரு மருத்துவ ஆராய்ச்சியாளரின் பெருமையை எதைக் கொண்டு அளப்பது? அவர் வெளியிட்ட கட்டுரைகளை எண்ணலாம். அக்கட்டுரைகளைப் பிறர் தம் கட்டுரைகளில் எத்தனை முறை மேற்கோளாகக் காட்டினர் என்றும் எண்ணலாம். பதவியும் பொருளுதவியும் வழங்குவோர் பலர் இன்று இவ்விரு கணக்குகளையும் நாடுகின்றனர். இந்த அளவுகோல் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் ஒரு பழைய தீர்ப்பைப் பின்வந்த தீர்ப்புகள் ஏற்றனவா, மறுத்தனவா என்று காண்பதற்கு வழக்கறிஞர்கள் ஓர் அட்டவணை வைத்திருந்தனர். அதனை முன்மாதிரியாகக் கொண்டு, விஞ்ஞானத்துக்கும் அத்தகைய அட்டவணை வேண்டும் என்று 1955ஆம் ஆண்டில் யூஜின் கார்பீல்டு எழுதினார். சில ஆண்டுகளில் அவ்வட்டவணை வெளிவரலாயிற்று. ஒரு கருத்து பிறந்தபின் யார் யார் கைக்குச் சென்றது என்று தேடிக் காண்பதே அதன் நோக்கம். பின்னர் அதுவே ஆளை அளக்கும் கோலாகவும் ஆயிற்று. 2005இல் ஹிர்ஷ் என்பவர் ஓர் எண்ணை வகுத்தார். ஒருவர் எழுதியவற்றுள் 20 கட்டுரைகள், ஒவ்வொன்றும் 20 முறையேனும் மேற்கோளாக வந்திருந்தால் அவருடைய எண் 20. 21 கட்டுரைகள் 21 முறையேனும் வந்திருந்தால் 21.

இனி, ஒரு மனிதரைப் பார்ப்போம். சம்புநாத் தே 1915இல் வங்காளத்தில் பிறந்தவர். லண்டனில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று 1949இல் தாயகம் திரும்பி, கல்கத்தாவின் மருத்துவக் கல்லூரிகளில் நோயியல் கற்பித்தார். காலரா என்னும் வாந்திபேதி அப்போது வங்காளத்தில் ஆண்டுதோறும் பலரைப் பலிகொண்டது. காலராக் கிருமியை 1884இல் இதே கல்கத்தாவில் ராபர்ட் காக் பிரித்தெடுத்திருந்தார். அக்கிருமி ஒரு நஞ்சை உண்டாக்குகிறது என்றும் அவர் கருதினார். எனினும் அந்த நஞ்சை நெடுங்காலம் எவராலும் மெய்ப்பித்துக் காட்ட இயலவில்லை.

தே கையாண்ட முறை மிக எளியது. முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் கட்டி, இடையே கிருமிகளைச் செலுத்தினார். மறுநாள் அப்பகுதி நீர் நிரம்பிப் பருத்திருந்தது. இதனை 1953இல் வெளியிட்டார். அடுத்து, கிருமி வளர்ந்த நீரை வடிகட்டி, கிருமி ஒன்றுமில்லாத அந்நீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் நீரால் நிரம்பிற்று! ஆகவே கிருமி வெளியிடும் நஞ்சே குடலிலிருந்து நீரைப் பெருக்குகிறது என்பது தெளிவாயிற்று. 1959இல் ‘நேச்சர்’ இதழில் ஓரிரு பக்கங்களில் இச்செய்தி வந்தது.

அக்கட்டுரையின் அருமையை உலகம் உடனே உணரவில்லை. மேனாட்டு ஆய்வாளர்கள் அதன்மேல் தம் ஆராய்ச்சிகளைக் கட்டி எழுப்பிய பிறகே அதன் புகழ் பரவியது. 1978இல் ஸ்டாக்ஹோமில் நடந்த நோபல் கருத்தரங்குக்கு தே அழைக்கப்பட்டார். நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க், அப்பரிசுக்கு அவருடைய பெயரையும் முன்மொழிந்தார். ஆனால் நம் நாட்டு விஞ்ஞானக் கழகங்கள் எதுவும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. 1985இல் அவர் காலமானார். மறு ஆண்டு, அட்டவணை கண்ட கார்பீல்டே காலரா ஆராய்ச்சியின் மேற்கோள்களை ஆராய்ந்து, தேயின் பணி அத்துறைக்கு எத்துணை அடிப்படையானது என்று எழுதினார். கணக்கு நியாயம் வழங்கியது; ஆனால் பெறவேண்டியவர் அப்போது உயிரோடில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. 1951இல் லவுரி என்பவரும் அவருடைய துணைவர்களும் புரதத்தை அளக்கும் முறை ஒன்றை எழுதினர். அக்கட்டுரை மூன்று லட்சம் முறைக்கு மேல் மேற்கோளாக வந்துள்ளது. அது மிகப் பயனுள்ள முறை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதுவே உயிர் நூலின் தலைசிறந்த கண்டுபிடிப்பு என்று எவரும் சொல்லார். லவுரியே அவ்வாறு கருதவில்லை. சமையலறையில் அடிக்கடி எடுக்கப்படுவது கரண்டிதான். அதனால் அது விருந்தாகிவிடாது.

ஆகவே, மேற்கோள் கணக்கு ஒரு கட்டுரை எத்தனை கைகளில் பயன்பட்டது என்று கூறும். அதுவும் காலம் கடந்தே கூறும். அதன் உண்மையையும் ஆழத்தையும் அறிவதற்குப் படிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை பிறருடைய ஆராய்ச்சியை மதிப்பிடும் ஆசனத்தில் அமர்வீர்கள். எண்ணைப் பார்க்கு முன் கட்டுரையை எடுத்துப் படியுங்கள். தேயின் கட்டுரையைப் படிக்கக் கால்மணி நேரம் போதும். அந்தக் கால்மணியை அன்றே செலவிட நம்மவர் முன்வந்திருந்தால், அவர் வாழ்நாளிலேயே அவருக்குரிய இடம் கிடைத்திருக்கும்.