மறியலால் வாற பிள்ளைக்கு ஒரு விலாசம்

(எமது சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை. புத்தாண்டு மலருக்காகச் சிறிது சுருக்கப்பட்டுள்ளது.)



புத்தாண்டுக் காலத்தில் இதைக் கதைக்க வேண்டுமா என்று செயலாளர் முதலில் யோசித்தார். கதைக்கத்தான் வேண்டும் என்று நான் சொன்னேன். மருத்துநீர் வைத்து, கைவிசேஷம் கொடுத்து, எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடுகிற அந்த நாளில் சில வீடுகளில் ஒரு பிள்ளையின் பெயரை ஒருவரும் எடுப்பதில்லை. கேட்டால், "அவன் தூர இடத்திலை வேலை" என்பார்கள். அந்தத் தூர இடம் மறியல் என்று கேட்கிறவருக்கும் தெரியும்.

நான் சட்டத்தரணி அல்ல. லண்டனில் நன்னடத்தை அலுவலகங்களுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போய் வருகிறவன். நான் சொல்வது இங்கிலாந்துச் சட்டம். ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்கு வேறு சட்டம்.

இங்கே தண்டனை பெற்றவர்களில் பெரும்பாலானோர் முழுக் காலத்தையும் உள்ளே கழிப்பதில்லை. ஒரு பகுதி முடிந்ததும் மிகுதிக் காலத்துக்கு நிபந்தனைகளோடு வெளியில் விடுவார்கள். அதை 'லைசென்ஸ்' என்கிறார்கள். நன்னடத்தை அதிகாரி ஏற்றுக்கொண்ட விலாசத்தில்தான் வசிக்க வேண்டும், வேறு இடத்தில் ஒரு இரவு தங்குவதென்றாலும் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும் என்பது அந்த நிபந்தனைகளில் ஒன்று. மில்ரன் கீன்ஸில் மச்சானின் கலியாணம், இரவு அங்கேயே படுத்துவிட்டு வந்தேன் என்றால் அதுவும் மீறல்தான். மீறினால் திரும்ப உள்ளே அனுப்பலாம்.

ஆளை அடையாளம் தெரியாமல் ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு தாய். மகனுக்கு இருபத்திரண்டு வயது. விடுதலைக்கு முன் அதிகாரி வீட்டு விலாசத்தைக் கேட்டபோது அந்தத் தாய் சொன்னா: "என்ரை வீட்டைப் போடாதேங்கோ தம்பி. சனம் என்ன சொல்லும்? தங்கச்சிக்கு வேறை கலியாணம் பேசுறம்." நான் அப்படியே மொழிபெயர்த்தேன். பெடியன் வெளியில் வந்து சிநேகிதர்களின் சோபாக்களில் படுத்தான். மூன்று இடம் மாறினான். கடிதங்கள் போய்ச் சேரவில்லை, சந்திப்புகள் தவறின. மூன்று மாதத்துக்குள் திரும்பவும் மறியல். புதிதாக ஒரு குற்றமும் செய்யவில்லை. இருக்க ஓரிடம் இல்லாமல்தான் போனான். பிறகு அந்தத் தாய் என்னை மறித்துக் கேட்டா: "நான் அண்டைக்கு ஓம் எண்டு சொல்லியிருந்தால்?" என்னிடம் பதில் இருக்கவில்லை. அதனால்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

இனிச் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, உள்ளே போனவுடனேயே வாடகை அறையைப் பற்றி யோசியுங்கள். ஏற்கெனவே யுனிவேர்சல் கிரெடிட்டில் வாடகை உதவி எடுத்தவர், ஆறு மாதத்துக்கு மேல் உள்ளே இருக்கமாட்டார் என்றால், அந்த உதவி ஆறு மாதம் வரை தொடரலாம். பயத்தில் திறப்பை ஒப்படைத்துவிட்டுப் பின்னர் கவலைப்படுகிறோம்.

இரண்டாவது, வெளியில் வர வீடில்லை என்றால் அதை உள்ளேயே வாய் திறந்து சொல்ல வேண்டும். 2018 ஒக்டோபரில் இருந்து, வீடற்றுப் போகக்கூடியவரின் விபரத்தை அவருடைய சம்மதத்துடன் கவுன்சிலுக்கு அறிவிப்பது சிறைக்கும் நன்னடத்தைச் சேவைக்கும் சட்டக் கடமை. அடுத்த 56 நாட்களுக்குள் வீடற்றுப் போவார் என்றாலே கவுன்சில் உதவ வேண்டும். ஆனால் விசா நிலை அதற்குத் தகுதியாக இருக்க வேண்டும். அகதி அந்தஸ்தோ நிரந்தர வதிவிடமோ உள்ளவர் தயங்காமல் கேட்கலாம்.

மூன்றாவது, தற்காலிக இடங்கள். வீடற்று விடுதலையாகிறவர்களுக்கு 84 இரவுகள் வரை தங்கும் இடம் கொடுக்கும் திட்டம் ஒன்று 2021இல் ஆரம்பித்தது. அதற்கு நன்னடத்தை அதிகாரி மூலமாகத்தான் விண்ணப்பிக்கலாம். காலில் இலத்திரனியல் பட்டி கட்டி நேரத்தோடு விடுவதற்கும் விலாசம் வேண்டும், அந்த வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டும்.

நான்காவது, தனியார் அறை எடுக்கும்போது பழைய குற்றத்தைச் சொல்ல வேண்டுமா என்று கேட்கிறார்கள். 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறித்த காலம் கழிந்த குற்றத்தை வீட்டுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. வயது வந்தவருக்கு, ஒரு வருடம் வரையான சிறைத்தண்டனை என்றால், முழுத் தண்டனைக் காலமும் முடிந்து ஒரு வருடம். ஒன்றுக்கு மேல் நான்கு வருடம் வரை என்றால், முடிந்து நான்கு வருடம். இடையில் புதுக் குற்றம் இருக்கக்கூடாது. காலம் கழியாதிருக்க, கேட்டால் பொய் சொல்லாதீர்கள்.

ஐந்தாவது, இடம் கொடுக்கிற குடும்பத்துக்கு. கவுன்சில் வரியில் தனியாளுக்கான 25 வீதக் கழிவு எடுப்பவருக்கு அது நிற்கும். வாடகை உதவியும் குறையலாம். வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தைப் பாருங்கள். வீட்டுக் காப்புறுதிக்காரர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். மறைத்தால் பிறகு நட்டஈடு கிடைக்காமல் போகலாம்.

பிரித்தானியக் குடியுரிமை இல்லாதவருக்கு 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை கிடைத்தால், 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி நாடுகடத்தும் நடவடிக்கை தொடங்கும். அகதிகளுக்கும் மனித உரிமைக் காரணங்களுக்கும் விதிவிலக்குகள் உண்டு. உடனே குடிவரவுச் சட்டத்தரணியிடம் போங்கள். குடிவரவுத் தடுப்பில் இருந்து பிணையில் வருவதற்கும் முதலில் கேட்பது விலாசம்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மனைவியையோ பிள்ளையையோ அடித்துவிட்டுப் போனவரை அதே வீட்டில் ஏற்றுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அடிபட்டவரின் பாதுகாப்புத்தான் முதல். பயம் இருந்தால் அதிகாரியிடம் "வேண்டாம்" என்று சொல்லுங்கள், அது பாவமில்லை. ஆனால் சனம் என்ன சொல்லும் என்பதற்காக மட்டும் "வேண்டாம்" என்று சொல்லாதீர்கள்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது எங்கள் கையில் என்ன விலாசம் இருந்தது? நான் வந்திறங்கிய அன்று ஈஸ்ட்ஹாமில், முன்பின் தெரியாத ஒரு அண்ணை தன்ரை அறையில் பாய் விரித்துத் தந்தார். ஏன் வந்தாய், என்ன செய்தாய் என்று கேட்கவில்லை. "சாப்பிட்டியோ?" என்றுதான் கேட்டார். அவருடைய விலாசத்தில்தான் எனக்கு முதல் கடிதம் வந்தது. இங்கே இருக்கிற பலருக்கும் அப்படி ஒரு அண்ணையோ அக்காவோ இருந்திருப்பார்கள்.

இந்த வருடம் வீட்டைக் கழுவித் துப்புரவாக்கும்போது, ஒரு மூலையில் ஒரு கட்டில் போட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வீட்டில் முடியாவிட்டால், விடுதலைத் திகதிக்கு முன்பே சங்கத்துக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கள். சேர்ந்து தேடலாம்.

எல்லோருக்கும் எனது இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்.