அத்தையிடம் யாரும் கேட்கவில்லை

(ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



இந்த மேடையில் சேமிப்பு, கடன் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இன்றைக்கு என் மாமியாரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அத்தைக்குக் கணையத்தில் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே கல்லீரலுக்குப் பரவிவிட்டது. காப்பீட்டு அட்டையில் கீமோ ஆரம்பித்தார்கள். இரண்டு தடவை மருந்து ஏறியதுமே அத்தை சுருண்டு படுத்துட்டாங்க. வாயெல்லாம் புண், கஞ்சித் தண்ணிகூட இறங்கலை. அட்டையில் வராத வேறு மருந்து இருக்கிறது என்று சொந்தக்காரர் ஒருத்தர் சொன்னார். என் தோட்டை அடகு வைக்க எடுத்து வைத்தேன், குழுவில் கடனுக்கு மனுவும் எழுதிவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி அத்தை கேட்டாங்க: "இந்த ஊசி போட்டா நான் எந்திரிச்சு நடப்பேனாம்மா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் டாக்டரிடம் அதையே கேட்டேன். "குணமாகாதும்மா. கொஞ்ச வாரமோ மாதமோ கூடலாம், உறுதி இல்லை. இந்த உடம்பு இனி கீமோவைத் தாங்குவது கஷ்டம்" என்றார். அதை அத்தையிடம் மறைக்காமல் சொன்னோம். "அப்ப வீட்டுக்குப் போலாம். பேத்தியோட திண்ணையில உக்காரணும்" என்றார்கள்.

கீமோவை நிறுத்தினோம். ஆனால் வைத்தியத்தை நிறுத்தவில்லை. வலிக்கு மார்ஃபின் மாத்திரை கொடுத்தார்கள். பழக்கமாகிவிடுமோ என்று பயந்தேன். டாக்டர் சொன்ன அளவில் வலிக்குக் கொடுத்தால் அந்தப் பயம் வேண்டாம் என்றார் நர்ஸ். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கொடுத்தார். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பார்த்தார்கள். அந்தத் திட்டத்தின் தன்னார்வலர்கள் நம்ம குழுக்களிலிருந்து போன பெண்கள்தானே.

வலி அடங்கியதும் அத்தை ரசம் சோறு கேட்டுச் சாப்பிட்டார்கள். ஏழு வாரம் இருந்தார்கள். "காசுக்குப் பயந்து விட்டுட்டாங்க" என்று ஊரில் பேசினார்கள். காசும் ஒரு காரணம்தான், பொய் சொல்ல மாட்டேன். நாத்தனார் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாங்களோ என்று எனக்கும் சில ராத்திரி தோன்றும்.

தயவுசெய்து என்னைப் பார்த்து யாரும் கீமோவை நிறுத்திவிடாதீர்கள். நம் குழு அக்கா ஒருவருக்கு மார்பில் கட்டி. ஆரம்பத்திலேயே பார்த்ததால் ஆபரேஷன், கீமோ எல்லாம் தாங்கி இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குக் கீமோ குணமாக்க. அத்தைக்கு நாளைக் கூட்ட மட்டும். பெயர் ஒன்று, காரியம் வேறு.

வலி தணிக்கும் வைத்தியம் கடைசி நேரத்துக்கு மட்டும் என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய் முற்றியவர்களிடம் ஓர் ஆய்வு செய்து 2010-ல் வெளியிட்டார்கள். புற்றுநோய் மருந்தோடு இதையும் ஆரம்பத்திலிருந்தே பெற்றவர்கள் மனச்சோர்வு குறைந்து, கூடுதல் நாளும் இருந்தார்கள்.

ஆகவே டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள். இந்த வைத்தியம் குணமாக்கவா, நாளைக் கூட்டவா, வலி குறைக்கவா? கூடும் நாளில் எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் போகும்? வேண்டாம் என்றால் வலிக்கு என்ன வழி?

அதற்கும் முன்னால், படுத்திருப்பவரிடம் கேளுங்கள். நாங்கள் எல்லாரிடமும் கேட்டோம், அத்தையிடம் கடைசியில்தான் கேட்டோம்.